நாணற்காடு எரிந்த பகல்

என் அக்காளின் கணவர் சர்வேயர். நான் அவருக்குக் கீழே அளவுச் சங்கிலி பிடிக்கிறவன். ரங்கூனில் க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் பின்புறத் தெருவில் ஒரே வீட்டில் குடியிருந்தோம். காலையில் ஒன்றாகக் கிளம்பி ஒரே ஆபீசுக்குப் போனோம். இருந்தும் அந்த வருஷம் வரைக்கும் அத்தான் என்னிடம் வேலையைத் தவிர வேறு எதையும் பேசியதில்லை. கோபக்காரர் இல்லை. பேச்சில் நம்பிக்கை இல்லாதவர், அவ்வளவுதான். எதைப் பார்த்தாலும் அதன் நீளம் என்ன, அகலம் என்ன என்றுதான் அவருக்கு முதலில் தோன்றும். கடைத்தெரு ரொம்ப தூரமா என்று அக்கா கேட்டால், "பதினெட்டு சங்கிலி" என்பார். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்துமூன்று வயது. துவாந்தே கால்வாயைத் தாண்டி மேற்கே போனால், ஆறுகள் பிரிந்து பிரிந்து கடலுக்கு ஓடும் அந்தத் தாழ்ந்த பூமியில், அப்போது மனிதர் குடியேறாத ஒரு பெரிய நாணற்காடு இருந்தது. பர்மியர்கள் அந்த நாணலைக் கைங் என்பார்கள். இரண்டு ஆள் உயரம், சில இடங்களில் மூன்று ஆள் உயரம். பாதை கிடையாது. நாணலுக்குள்ளே ஓடைகள், ஓடைகள் போய்ச் சேரும் ஏரிகள், அவ்வளவுதான். உள்ளே போக வேண்டுமானால் மரத்தைக் குடைந்து செய்த ஒடுக்கமான தோணி வேண்டும். அந்த இடத்துக்கு ஒரு வரைபடம் வேண்டுமென்று ஆபீசில் முடிவு செய்து எங்கள் இரண்டு பேரையும் அனுப்பினார்கள்.

நீராவிப் படகில் ஒரு சின்ன ஊர்வரை போனோம். அங்கே எங்களுக்குத் தோணி விட ஒரு பெண்பிள்ளை அமர்ந்தார். நாற்பது வயதிருக்கும். மழைக்காலத்தில் மீன்பிடித்து, வெயில்காலத்தில் கருவாடும் ங்கப்பி என்கிற மீன்விழுதும் விற்கிறவர். பர்மிய மொழியில் அக்காளை அமா என்பார்கள். நாங்களும் அவரை அமா என்றே கூப்பிட்டோம். அத்தானை அவர் சயா என்பார், வாத்தியாரைச் சொல்வதுபோல. என்னை மௌங்லே, அதாவது தம்பி. அவருக்கு வாய் ஓயாது. துடுப்புப் போடும்போதும் பேச்சு, சோறு பொங்கும்போதும் பேச்சு. அவர் பர்மிய மொழியில் பேசியதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

மூன்று வாரம் வேலை நடந்தது. காலையில் ஓடைக்கரையில் இறங்கி, நாணலை வெட்டி ஒரு கோடு திறந்து, கொடிக்கம்பு நட்டு, சங்கிலி போட்டு அளப்போம். இருபுறமும் புல்லின் சுவர். தலைக்கு மேலே ஒரு கீற்று வானம். வேறு எதையும் கண்ணால் பார்க்க முடியாது. சில சமயம் பக்கத்திலேயே ஏதோ ஒன்று மூச்சுவிட்டுக்கொண்டு நகரும் சத்தம் கேட்கும். சேற்றில் கூடை அளவுக்குப் பெரிய காலடிகள் இருக்கும், அதில் தண்ணீர் ஊறிக்கொண்டிருக்கும். நான் அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினேன். களப்புத்தகத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்றார். அந்தப் புத்தகத்தில் நிலத்தின் வகையை எழுத ஒரு பத்தி உண்டு. நாங்கள் ஒவ்வொரு பக்கத்திலும் அந்தப் பத்தியில் தரிசு, தரிசு என்று எழுதிக்கொண்டே போனோம். எழுதி முடித்த புத்தகங்களை அத்தான் ஒரு தகரப் பெட்டியில் வைத்து, மெழுகுத்துணி சுற்றி, தோணியில் தன் முழங்காலுக்கு அருகிலேயே வைத்துக்கொள்வார்.

தீப்பிடித்த அன்று காலையில் காற்று தென்மேற்கிலிருந்து அடித்தது. காய்ச்சல்காரன் மூச்சைப்போல வறண்ட காற்று. நாங்கள் ஒரு மேட்டில் பிளேன் டேபிளை, அதாவது வரைபட மேஜையை, நிறுத்திக் கோடு பார்த்துக்கொண்டிருந்தோம். அமா தோணியில் உட்கார்ந்து வழக்கம்போல ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். அவர் பேச்சு நின்றதுதான் எனக்கு முதல் எச்சரிக்கை. திரும்பிப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தென்மேற்கே வெகுதூரத்தில் பருந்துகள், நாற்பது ஐம்பது இருக்கும், ஒரே இடத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழே அழுக்குத் துணியின் நிறத்தில் ஒரு புகை.

வருஷா வருஷம் யாராவது நாணலைக் கொளுத்துவதுதான் என்று அமா சொன்னார். ஆனால் இந்தக் காற்றில் கொளுத்த மாட்டார்கள், இது தானாகக் கைமீறிப் போன நெருப்பு, உடனே கிளம்பி ஏரிக்குப் போய்விட வேண்டும் என்றார். அத்தான் திசைகாட்டியை எடுத்துப் புகையின் கோணத்தைக் குறித்தார். ஓடைக்கரையில் கொஞ்சதூரம் நடந்துபோய் மறுபடி குறித்தார். தாளில் இரண்டு கோடு இழுத்துப் பார்த்துவிட்டு, ஆறு மைல் இருக்கிறது, இந்தக் கோட்டை முடித்துவிட்டுப் போகலாம் என்றார்.

அமா வாதாடவில்லை. தோணியைத் திருப்பி ஏரிப் பக்கம் முகம் வைத்து நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

அத்தான் பென்சிலைத் தாளில் வைத்தபோது ஒரு நாணல் இலை மேலேயிருந்து வந்து வரைபடத்தின்மீது விழுந்தது. ஒரு முழ நீளம். எரிந்து முடிந்த இலை. நரம்புகூடக் கலையாமல் முழுசாக, கறுப்பாக இருந்தது. அத்தான் அதை விரலால் எடுக்கப் போனார். தொட்டதும் தூளாகிவிட்டது. ஆறு மைல் தூரத்திலிருந்து வந்த இலை. அவர் அந்தக் கறையைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு மேஜையின் காலை மடக்க ஆரம்பித்தார்.

ஓடையில் ஏரி வரைக்கும் ஒருமணி நேரத் தூரம். மூன்று பேரும் துடுப்புப் போட்டோம். அத்தான் துடுப்பைத் தொட்டது அன்றைக்குத்தான். முதலில் சத்தம் எதுவும் இல்லை. கொஞ்சநேரத்தில், மழை தூரத்தில் தகரக்கூரைகளின்மேல் இறங்கி நம் தெருவை நோக்கி வருமே, அந்த மாதிரி ஒரு இரைச்சல் பின்னாலிருந்து வந்தது. மழையாகவே இருந்துவிடாதா என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு நாணல்தண்டுகள் வெடிக்கும் ஓசை தனியாகப் பிரிந்து கேட்டது, சரம் சரமாகப் பட்டாசு கொளுத்தியதுபோல. சூரியன் செப்புத்தட்டாக மாறியது. கண்கூசாமல் அதை நேரே பார்க்க முடிந்தது.

ஓடையில் நாங்கள் தனியாக இல்லை. தண்ணீரெங்கும் சின்னச் சின்னத் தலைகள் எங்களோடு ஓடிவந்தன. எலிகள், கீரிகள், நீர்நாய்கள். பாம்புகள் தலையைத் தூக்கிக்கொண்டு எங்களைக் கடந்து போயின. ஒன்று என் துடுப்பின்மேல் ஏறி, மறுபுறம் இறங்கி, தன் வழியில் போயிற்று. கத்த வேண்டுமென்று எனக்குத் தோன்றவேயில்லை. அதற்கும் என்னைப் பற்றி நினைக்க நேரமில்லை.

ஏரி திறந்தபோது நெருப்பு எங்களுக்குப் பின்னால் அரைமைல்கூட இல்லை. அமா நடு ஏரிக்குத் தோணியை ஓட்டி, துடுப்பை ஊன்றி ஆழம் பார்த்தார். கோடைக்காலம், நெஞ்சளவுத் தண்ணீர்தான். கீழே முழங்கால்வரை சேறு.

"இறங்குங்க. தோணிய முக்கணும்," என்றார்.

எனக்குப் புரியவில்லை. தோணியை எதற்கு மூழ்கடிக்க வேண்டும் என்றேன். தோணியின் உடம்பெல்லாம் குங்கிலியமும் கறுப்பெண்ணெயும் பூசியிருக்கிறது, ஒரு பொறி விழுந்தால் பந்தமாக எரியும் என்றார். அரிசி மூட்டை, பாய், பிளேன் டேபிள், கொடிக்கம்புகள் எல்லாவற்றையும் அவரே தண்ணீரில் தள்ளினார். தகரப் பெட்டியில் கை வைத்தபோது அத்தான் குறுக்கே வந்தார்.

"இது வேண்டாம். இதுல மூணு வார வேலை இருக்கு."

"அப்ப தலையில வச்சுக்குங்க, சயா," என்றார் அமா.

அத்தான் அப்படியே செய்தார். நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, ஒரு கையால் பெட்டியைத் தலையில் பிடித்துக்கொண்டு, மறுகையால் தோணியின் விளிம்பைப் பற்றிக்கொண்டார். விளிம்பை விட்டால் கால் சேற்றில் இறங்கிவிடும். தோணி தண்ணீரை வாங்கிக்கொண்டு மெல்லத் தாழ்ந்தது. பின்பக்கத்து உயர்ந்த முனை மட்டும் ஒரு சாண் வெளியே நின்றது. அமா தன் மேல்துணியைக் கிழித்து நனைத்து எங்கள் மூவர் தலையிலும் போட்டார். துணி காய்ந்தால் முங்கி எழ வேண்டும் என்று சொன்னார்.

பிறகு அது வந்தது.

அதைப் பற்றிப் பலமுறை எழுத முயன்றிருக்கிறேன். ஷ்வேடகோன் பகோடாவின் உயரத்துக்கு நெருப்பு என்று முன்பு ஒருவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். இப்போது உயரத்தைச் சொல்லவில்லை. ஏரியின் தென்கரை முழுவதும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஒரே வீச்சில் எழுந்து நின்றது. நாணல் எரிவதாகத் தெரியவில்லை. நாணல் இருந்த இடத்தில் நெருப்பு முளைத்ததுபோல இருந்தது. அடியில் வெள்ளை, நடுவில் மஞ்சள், உச்சியில் கறுஞ்சிவப்பு. அந்தச் சிவப்பு அறுந்து அறுந்து தனித்தனித் துண்டாக வானத்தில் போயிற்று. காற்று எங்களைத் தாண்டி நெருப்பை நோக்கிப் பாய்ந்தது. அது தன் காற்றைத் தானே வரவழைத்துக்கொண்டது. கரையில் சுழன்ற தீயில் ஒரு தூண் பிய்ந்து ஏரியின்மேலே நடந்துவந்தது. ஆமாம், நடந்துதான் வந்தது, நிதானமாக, இடுப்பை வளைத்து வளைத்து. எங்களுக்கு முப்பது கஜத்தில் தண்ணீரின் மேலேயே அவிந்துபோனது. அது இருந்த இடத்தில் ஆவி எழுந்தது.

நான் பயந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஆனால் பயம் ஒரு கட்டத்தில் தீர்ந்துபோனது. பயப்படுகிற அளவுக்கு நான் அங்கே ஒரு பொருட்டாக இருந்தேன் என்ற எண்ணமே போய்விட்டது. அமா தன் புத்த சூத்திரங்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு முருகன் பெயர்கூட வாயில் வரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். முங்கினேன், எழுந்தேன், மறுபடி பார்த்தேன்.

நெருப்பு இரண்டு கரைகளிலும் ஓடி வடக்கே போய்ச் சேர்ந்தது. ஏரியைச் சுற்றி ஒரு வளையம். அந்த வளையம் மூடுவதற்குச் சற்று முன்னால், கிழக்குக் கரையில் இன்னும் எரியாத நாணலைப் பிளந்துகொண்டு யானைகள் வந்தன. ஏழு என்று நான் எண்ணினேன். ஓடிவரவில்லை, வேகமாக நடந்து வந்தன. நடுவே ஒரு குட்டி. தண்ணீரில் இறங்கி, குட்டியைச் சுற்றி நின்று, துதிக்கையால் தங்கள் முதுகில் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டன. அவை கிளப்பிய அலை எங்கள் முகவாயில் மோதிற்று. அவற்றுக்குப் பின்னால் பன்றிகள், கொம்பு முளைத்த மான்கள், கட்டைக்கால் மான்கள், பெயர் தெரியாத நாரைகள். ஏரி நிறைந்துவிட்டது. நனைந்து ஒட்டிய உடம்போடு ஒரு காட்டுப்பூனை, மீன்பிடித்துத் தின்கிற இனம், நீந்திவந்து எங்கள் தோணியின் பின்முனையில் ஏறியது. எங்களுக்கு மூன்று முழம்தான். திரும்பி எங்களை ஒருதரம் பார்த்தது. பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு, எங்களைப் போலவே, நெருப்பைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது.

"மாப்ளே," என்றார் அத்தான். என்னை அவர் அப்படிக் கூப்பிட்டதேயில்லை. "இத்தனையும் இங்கதான் இருந்துச்சா?"

எனக்கு எங்கள் களப்புத்தகங்கள் நினைவுக்கு வந்தன. தரிசு என்று எத்தனை பக்கத்தில் எழுதினோம் என்று அவரும் நினைத்திருப்பார்.

அந்த நேரத்தில்தான் மான்குட்டி வந்தது. பிறந்து பத்து நாள்கூட இருக்காது. தாயைக் காணோம். நீந்தத் தெரிந்தும் பலம் தீர்ந்துபோய், மூக்கு மட்டும் மேலே, அதுவும் அடிக்கடி முங்கியது. யானைகளின் அலை அதைத் தள்ளிக்கொண்டுவந்து அத்தானின் மார்பில் இடித்தது. அது அவர் தோளில் தலையை வைக்கப் பார்த்தது, வழுக்கியது, முங்கியது. அத்தானுக்கு ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் விளிம்பு. நான் மறுபுறம் இருந்தேன், எனக்கு எட்டாது. அவர் என்னைப் பார்த்தார், அமாவைப் பார்த்தார். அமாவின் கண் மூடியிருந்தது. மான்குட்டி இரண்டாம் தடவை முங்கியபோது அத்தான் பெட்டியை விட்டுவிட்டார். அதைத் தூக்கி எறியவில்லை. கையை எடுத்தார், அவ்வளவுதான். பெட்டி அவர் தோளில் பட்டுத் தண்ணீரில் விழுந்து, இரண்டு குமிழி விட்டு இறங்கியது. அவர் அந்தக் கையைக் குட்டியின் தாடைக்குக் கீழே கொடுத்துத் தூக்கிப் பிடித்தார்.

அப்படியே வெகுநேரம் நின்றார். தான் முங்கும்போதெல்லாம் அதன் மூக்கைப் பொத்தி அதையும் முக்கி எழுப்பினார். வீட்டுப்பக்கம் ஒரு நாய் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுகிற மனிதர்.

புல் நெருப்பு நின்று எரியாது. கரையில் இருந்ததைத் தின்றுவிட்டு வடகிழக்கே போய்விட்டது. இரைச்சல் குறைந்தது. சாம்பல் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது, ஏரியின்மேல் கறுப்புப் பாலாடை படிந்ததுபோல. சூரியன் சாய்கிற நேரத்துக்கு யானைகள் முதலில் கிளம்பின. கரையில் ஒரு யானை காலை வைத்துப் பார்த்தது, சூடு பொறுக்காமல் எடுத்துக்கொண்டது, தண்ணீரோரமாகவே நடந்தது. மற்றவை பின்னால் போயின. பூனை எப்போது போனது என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை. அத்தான் மான்குட்டியை ஆழமில்லாத இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். அது நான்கு காலும் நடுங்க அவர் முழங்காலில் சாய்ந்து கொஞ்சநேரம் நின்றது. பிறகு மற்ற மான்கள் போன திசையில் கரையோரமாகத் தத்தித் தத்திப் போயிற்று. தாயைக் கண்டதா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது.

தோணியை ஆட்டி ஆட்டித் தண்ணீரை வெளியேற்றினோம். அதன் பின்முனையில் மட்டும் எண்ணெய் கொப்பளித்திருந்தது. பெட்டிக்காக நான் ஐந்தாறு தடவை முங்கித் துழாவினேன். சேறுதான் கைக்கு வந்தது. விடு என்றார் அத்தான்.

மறுநாள் திரும்பும் வழியில் அவர் தோணியில் எழுந்து நின்றுகொண்டார். நின்றால் கவிழும், உட்காருங்கள் என்று அமா சொல்லியும் கேட்கவில்லை. மூன்று வாரமாகப் புல்சுவருக்குள் கிடந்த எங்களுக்கு இப்போது கண்ணுக்கெட்டிய தூரம் தெரிந்தது. கரியான பூமி, அதன் நடுவே ஓடைகள் எல்லாம் வெள்ளிச் சரிகைபோல வளைந்து வளைந்து போயின. எந்த ஓடை எதில் சேர்கிறது, எந்த ஏரி எதற்குப் பக்கம் என்று ஒரே பார்வையில் தெரிந்தது. அத்தான் மெல்ல ஒரு முழுச் சுற்றுத் திரும்பினார். அவர் கண்கள் நனைந்திருந்தன. புகை இன்னும் இருந்தது, அதனாலும் இருக்கலாம்.

அன்றைக்கு அவர் அமாவிடம் மூன்று தடவை ஒரே கேள்வியைக் கேட்டார். முந்தின நாள் காலையில் நாங்கள் சோறு பொங்கின அடுப்பிலிருந்து இது பிடித்திருக்குமா என்று. இல்லை, நம் அடுப்பு வடக்கே இருந்தது, தீ தெற்கேயிருந்து வந்தது என்று மூன்று தடவையும் அமா பொறுமையாகச் சொன்னார். மூன்றாம் தடவைக்குப் பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.

ஆபீசில் களப்புத்தகங்கள் எங்கே என்று கேட்டார்கள். நெருப்பில் போய்விட்டது என்று சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். நான் அப்படித்தான் சொல்வார் என்று நினைத்து அருகில் நின்றேன். அத்தான், "தண்ணியில விட்டுட்டேன்," என்றார். ஏன் விட்டாய் என்று கேட்டதற்கு, கை தேவைப்பட்டது என்றார். அவரை வெளிவேலையிலிருந்து எடுத்து, ரங்கூனுக்குள்ளேயே தாமுவேயில் வீட்டுமனை அளக்கப் போட்டார்கள். எனக்குத்தான் ஆத்திரம். அவர் மறுநாளே சங்கிலியைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மான்குட்டி விஷயத்தை அக்காளிடம் நான்தான் சொன்னேன். அவள் நம்பவில்லை. அவரிடமே போய்க் கேட்டாள். மூன்று வீசை கனம் இருக்கும் என்று அவர் சொன்னாராம். அதற்குப் பிறகு அக்கா ஏனோ அவர் எதிரில் தலையில் அடித்துக்கொள்வதை விட்டுவிட்டாள்.

மழைக்காலத்தில் ஒருநாள் அமா க்யிம்யிண்டைங் சந்தைக்கு மீன் கொண்டுவந்தார். விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அக்கா சோறு போட்டு, ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். நாணல் மறுபடி தலைக்கு மேல் வளர்ந்துவிட்டது, யானைகள் இருக்கின்றன, சத்தம் கேட்கிறது என்று அமா சொன்னார். அந்தப் பகலை முழுசாகக் கையை ஆட்டி ஆட்டி அக்காளுக்கு விவரித்தார். அத்தான் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

தோணியை முக்கினால் தப்பலாம் என்று எப்படித் தெரியும், முன்னே ஒருதரம் இப்படி மாட்டியிருக்கிறீர்களா என்று அக்கா கேட்டாள். நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன்.

அமா கிண்ணத்தைக் கீழே வைத்தார். "இல்லையே. யாரோ எப்பவோ சொன்னது காதுல விழுந்துச்சு. அந்த ஏரியில தண்ணி அவ்வளவு இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது," என்றார். "ஆனா மூணு பேர் ஒரு தோணியில இருக்கோம். யாராவது ஒருத்தர் தெரிஞ்ச மாதிரி பேசணும்ல."

அத்தான் சிரித்தார். அவர் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. அமா கிண்ணத்தை அக்காளிடம் நீட்டி, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.